லட்சம் படங்களை எக்ஸ்டர்னல் டிரைவில் ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி?

லேப்டாப்பில் இடம் தீர்ந்ததும் பலரும் செய்வது இதுதான்: ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கி, படங்களை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிடுவார்கள். யாராவது கேட்டால் "எல்லாம் பேக்கப்பில் இருக்கிறது" என்பார்கள். அது பேக்கப் இல்லை. படங்கள் முன்பும் ஒரே இடத்தில்தான் இருந்தன, இப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. வித்தியாசம், அந்த இடம் இப்போது மேசையிலிருந்து கீழே விழக்கூடிய ஒரு சின்னப் பெட்டி.

அதனால் டிரைவ் வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள். ஒன்று வேலைக்கு, மற்றொன்று அதன் நகலுக்கு. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை என்றால் கொள்ளளவைக் குறைத்துக்கொள்ளலாம், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம்.

எவ்வளவு இடம், எந்த டிரைவ்

கணக்கு எளிதானது. போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் எச்இஐசி வடிவத்தில் சுமார் 2 எம்பி, ஜேபெக்காக இருந்தால் 3 முதல் 5 எம்பி. 24 மெகாபிக்சல் கேமராவின் ஜேபெக் 8 முதல் 12 எம்பி, அதே கேமராவின் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் பதிவு) 25 முதல் 50 எம்பி. சராசரி 10 எம்பி என்று வைத்தால் ஒரு லட்சம் படங்களுக்கு 1 டிபி வேண்டும். இதில் வீடியோவைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். போனில் எடுக்கும் 4கே வீடியோ நிமிடத்துக்கு 170 எம்பியிலிருந்து 400 எம்பி வரை போகும். ஒரு மணி நேரக் காட்சிகள் ஆயிரக்கணக்கான படங்களின் இடத்தை விழுங்கிவிடும்.

இன்று இருப்பதைப் போல இரண்டரை மடங்கு கொள்ளளவு வாங்கினால் சில வருடங்களுக்குக் கவலையில்லை. பெட்டியில் 4 டிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் 3.63 டிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஏமாற்று எதுவும் இல்லை. டிரைவை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். 10 முதல் 15 சதவீதம் காலியாக இருந்தால்தான் வேகமும் குறையாது, ஃபோல்டர்களை மாற்றி அடுக்கவும் இடமிருக்கும்.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதியும் டிரைவ்)? நேரடியாக டிரைவிலிருந்தே படங்களைத் திறந்து எடிட் செய்பவர்கள் வேலை டிரைவுக்கு எஸ்எஸ்டி எடுப்பது நல்லது. ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைத் தாவித் தாவிப் படிப்பதில் ஹார்டு டிஸ்க் திணறும். தம்ப்நெயில் எனப்படும் சின்ன முன்னோட்டப் படங்கள் வரிசையாக வரும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நகல் டிரைவுகளுக்கு ஹார்டு டிஸ்க்கே போதும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போகும் பிரதிக்கு ஹார்டு டிஸ்க்தான் பொருத்தமும்கூட. எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கிறது. நெடுங்காலம் மின்சாரம் இல்லாமல், அதுவும் சூடான இடத்தில் கிடந்தால் அது மெல்லக் கசியும்.

கையடக்க ஹார்டு டிஸ்க்குகளில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய கொள்ளளவுள்ள 2.5 அங்குல டிரைவுகள் பலவற்றில் எஸ்எம்ஆர் முறை இருக்கிறது. கூரை ஓடுகளைப் போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் லேசாக ஏறியிருக்கும்படி எழுதும் முறை அது. நடுவில் ஒன்றை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். முதல் சில பத்து ஜிபி வேகமாகப் போய்விட்டுப் பிறகு வேகம் நொடிக்கு 20, 30 எம்பிக்குச் சரிந்தால் டிரைவ் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது தன் உள்வேலையை முடிக்கிறது. நடுவில் கேபிளைப் பிடுங்காமல் விட்டால் போதும்.

கேபிளும் போர்ட்டும் சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் நேரத்தைத் தின்பவை அவைதான். கையடக்க ஹார்டு டிஸ்க் நொடிக்கு சுமார் 120 எம்பி எழுதும். அந்த வேகத்தில் 1 டிபி நகலாக 2 மணி 20 நிமிடம் ஆகும். அதே டிரைவைப் பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 35 எம்பிதான், 8 மணி நேரம் ஓடும். டிரைவ் இடையிடையே தானாகத் துண்டித்துத் துண்டித்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர் தரும், யூஎஸ்பி 3 போர்ட் 900 தரும். தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் ஹார்டு டிஸ்க் கேட்கும் மின்சாரத்தை, தனி அடாப்டர் இல்லாத ஹப் பல நேரம் தராது. கணினியின் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஃபார்மேட்: முதல் நாளே முடிவெடுங்கள்

படங்களை ஏற்றிய பிறகு ஃபார்மேட்டை, அதாவது டிரைவில் ஃபைல்களைப் பதியும் முறையை, மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு இறக்கி, அழித்து, திரும்ப ஏற்ற வேண்டும். அதனால் காலி டிரைவிலேயே இதை முடிவு செய்யுங்கள்.

விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் மட்டும்தான் என்றால் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ், ஹார்டு டிஸ்க்குக்கு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஜர்னல்ட். இரண்டிலும் செருக வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டுமே எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், எழுதாது. பழைய ஃபேட்32 வேண்டவே வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு வீடியோ ஃபைலைக்கூட அது ஏற்காது.

எக்ஸ்ஃபேட் எங்கும் ஓடும் என்பதால் பலர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது, அதற்கு ஜர்னல் (எழுதும் வேலைகளைக் குறித்து வைக்கும் குறிப்பேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால், எது முடிந்தது எது முடியவில்லை என்ற குறிப்பு அதனிடம் இருக்காது. ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம். இரண்டாவது, சிறு ஃபைல்கள் வீணாக்கும் இடம். விண்டோஸில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் இயல்பான அலொகேஷன் யூனிட் (ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம்) 128 கேபி. 5 கேபி உள்ள எக்ஸ்எம்பி ஃபைல்கூட (படத்துக்கு நீங்கள் இடும் ஸ்டார், கீவேர்டு போன்ற குறிப்புகள் பதியும் சிறு ஃபைல்) 128 கேபியை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ரா படத்துக்கும் ஒரு எக்ஸ்எம்பி என்றால் லட்சம் படங்களுக்கு 12 ஜிபிக்கு மேல் வெறும் காற்றுக்குப் போகிறது. மேக்கில் செருகினால் அது தன் பங்குக்குப் புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் மறைவு ஃபைல்களைப் படத்துக்கு ஒன்றாகப் போட்டு வைக்கும்.

ஃபோல்டரும் பெயரும்

லைட்ரூம், டிஜிகேம், ஆப்பிள் போட்டோஸ் எதுவாக இருந்தாலும் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். படங்கள் உங்களோடு முப்பது நாற்பது வருடம் இருக்க வேண்டியவை. எந்த மென்பொருளும் இல்லாத ஒரு கணினியில் டிரைவைச் செருகினாலும், ஃபோல்டர் பெயரைப் பார்த்தே தேடும் படத்தை இரண்டு நிமிடத்தில் எட்ட முடிய வேண்டும். அடுக்கும் முறை சரியா என்பதற்கு அதுதான் சோதனை.

நெடுநாள் தாக்குப்பிடிக்கும் அமைப்பு: மேல்மட்டத்தில் ஆண்டு, அதன் கீழ் நாளும் நிகழ்வும்.

2024
2024-03-17 மலையேற்றம்
2024-05-02 தோட்டம்
2024-05 பலவகை

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே எழுதுங்கள். 17-03-2024 என்று எழுதினால் கணினி முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து அடுக்கும். ஒவ்வொரு வருடத்தின் 17ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். மாதத்தையும் நாளையும் 3 என்றில்லாமல் 03 என்று இரண்டு இலக்கமாக எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். எந்த நிகழ்விலும் சேராத படங்களுக்கு மாதத்துக்கு ஒரு "பலவகை" ஃபோல்டர் போதும். நான்கு படத்துக்கெல்லாம் தனி ஃபோல்டர் திறக்க ஆரம்பித்தால் ஆறே மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள்.

ஆள், இடம், தலைப்பு என்று ஃபோல்டர் பிரிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு படத்தில் மூன்று பேர் இருந்தால் அதை எந்த ஃபோல்டரில் போடுவது? மூன்றிலும் போட்டால் ஒரே படம் மூன்று பிரதி. அந்தப் பிரிவையெல்லாம் கீவேர்டுக்கு, அதாவது மென்பொருளில் படத்தோடு சேர்க்கும் தேடுசொல்லுக்கு, விட்டுவிடுங்கள். ஃபோல்டர் நாளை மட்டும் சொல்லட்டும்.

ஃபைல் பெயரையும் மாற்றத்தான் வேண்டும். கேமராக்கள் 0001 முதல் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001க்கு வந்துவிடும். பத்தாயிரம் படத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். இரண்டு கேமரா இருந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு ஃபோல்டரை ஒன்றாக்கும்போது "இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்கும் இடத்தில் அவசரத்தில் "ஆம்" அழுத்திப் படங்களை இழப்பது இப்படித்தான். 2024-03-17_0915_4821 என்பது போல எடுத்த நாள், நேரம், கேமரா தந்த எண் மூன்றையும் சேர்த்த பெயர் அநேகமாக எங்கும் மோதாது. இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. லைட்ரூமும் டிஜிகேமும் இறக்கும்போதே பெயர் மாற்றித் தரும். ஏற்கெனவே குவிந்து கிடப்பவற்றுக்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி, படத்துக்குள் இருக்கும் எடுத்த நேரத்தைப் படித்து ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் பெயர் மாற்றும். முதலில் இருபது படங்களின் நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்தில் ஓட்டுங்கள்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கலாமா? தாராளமாக. இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். "தோட்டம்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள "ோ" என்ற குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், "ே", "ா" என்று இரண்டு குறியாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய ஃபைல் முறையான மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் எப்போதும் பிரித்தே பதியும். விண்டோஸும் லினக்ஸும் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். ஒரு மேக்கிலிருந்து வந்த ஃபோல்டரும் விண்டோஸில் தட்டச்சிட்ட ஃபோல்டரும் அருகருகே ஒரே பெயரில் நிற்பது இதனால்தான். ஒத்திசைவு மென்பொருள் ஒன்று திடீரென்று ஒரு ஃபோல்டர் முழுவதையும் "புதியது" என்று காட்டி 40 ஜிபியைத் திரும்ப நகலெடுக்கப் பார்த்தால், பெயரில் ஒகர, ஓகார, ஔகார எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகலெடுப்பதை நிறுத்தி, இரண்டு பக்கமும் அந்தப் பெயரை ஒரே கணினியிலிருந்து திரும்பத் தட்டச்சிடுங்கள்.

இரண்டாவது, நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். "தோட்டம்" கண்ணுக்கு நான்கு எழுத்து, உள்ளே ஏழு குறி, 21 பைட். மொத்தம் 85 குறிக்குள் அடக்க வேண்டும். விண்டோஸில் இன்னொரு வரம்பு இருக்கிறது. டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபைல் பெயர் முடியும்வரை முழுப் பாதையும் 260 குறிக்குள் இருக்க வேண்டும் என்று பல மென்பொருள்கள் இன்றும் எதிர்பார்க்கின்றன. ஆண்டு, நிகழ்வு என்று இரண்டே அடுக்கில் நிறுத்தினால் இந்தச் சிக்கல் வராது.

கார்டிலிருந்தும் போனிலிருந்தும் இறக்குவது

கட் செய்து பேஸ்ட் செய்யும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நகல் எடுங்கள், சரிபாருங்கள், இரண்டாம் டிரைவுக்கும் நகல் போகட்டும், அதன் பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். இந்த வரிசையில் ஒன்றைக்கூட முன்பின் மாற்ற வேண்டாம்.

சரிபார்ப்பது என்றால் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுவது மட்டும் இல்லை. அது முதல் படிதான். பழுதான கேபிளோ கார்டு ரீடரோ நடுவில் சில பைட்டுகளைக் கெடுத்தால் அளவு மாறாது, படம்தான் மாறும். ஜேபெக்கில் அது எப்படித் தெரியும் என்றால், மேல் பாதி சரியாக இருக்கும். ஒரு கோட்டுக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறமாகவோ, வண்ணம் மாறி இடம் தள்ளிப்போயோ கிடக்கும். தம்ப்நெயில் பல நேரம் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அது ஃபைலின் தொடக்கத்தில் தனியாகப் பதிந்திருக்கிறது. அதனால் சின்னப் படங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் வந்துவிட்டது" என்று முடிவுகட்டக் கூடாது.

விண்டோஸில் டெராகாப்பி என்ற நகலெடுக்கும் மென்பொருளில் வெரிஃபை என்பதைப் போட்டுவிட்டால் நகலெடுத்த பிறகு இரண்டு பக்கமும் திரும்பப் படித்து ஒப்பிடும். மேக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றிலும் ஓடும் ஃப்ரீஃபைல்சிங்க்கில் ஒப்பிடும் முறையை ஃபைல் கன்டென்ட் என்று மாற்றினால் அதுவும் பைட் பைட்டாகப் பார்க்கும். நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

ஐபோனை விண்டோஸில் செருகி இறக்கும்போது பாதியில் "சாதனம் வேலை செய்யவில்லை" என்ற பிழை வந்தால் போனின் அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குப் போய், கீழே மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்றிருப்பதைக் கீப் ஒரிஜினல்ஸ் என்று மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கில் போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பப் பார்க்கிறது, நடுவில் தடுமாறுகிறது. ஒரிஜினலை அப்படியே வாங்கிக்கொள்வதுதான் எப்படியும் சரி. லைவ் போட்டோ என்றால் படமும் சிறு வீடியோவும் ஒரே பெயரில் ஜோடியாக வரும். அந்த வீடியோவை உபரி என்று நினைத்து அழித்தால் அசைவு போய்விடும். ஏஏஇ என்று முடியும் குட்டி ஃபைல்களில் போனில் செய்த எடிட்டுகளின் குறிப்பு இருக்கிறது. அவற்றையும் படத்தோடே விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்குத் தனி இடம் வேண்டும். அந்தச் செயலி படத்தைச் சுருக்குவதோடு எக்ஸிஃப் தகவலையும் (படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நேரம் போன்ற விவரங்கள்) நீக்கிவிடுகிறது. எடுத்த நாள் தெரியாது, ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரில் இருக்கும் தேதி வந்து சேர்ந்த நாள்தான். ஒரிஜினல் வேண்டுமென்றால் அனுப்புபவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கூகுள் போட்டோஸிலிருந்து டேக்அவுட் வழியாக இறக்கும்போது ஒவ்வொரு படத்தோடும் ஒரு ஜேசன் ஃபைல் வரும். நீங்கள் அங்கே எழுதிய விவரமும் திருத்திய தேதியும் அதில்தான் இருக்கின்றன, படத்துக்குள் இல்லை. ஜேசனை அழித்துவிட்டால் அந்த உழைப்பு போயிற்று. எக்ஸிஃப்டூலைக் கொண்டு அவற்றைப் படத்துக்குள் எழுதிய பிறகே நீக்குங்கள்.

கேமராவின் கடிகாரம் தவறாக இருந்த நாட்களின் படங்களும் கிடக்கும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. நேரம் உறுதியாகத் தெரிந்த ஒரு படத்தை எடுத்து, எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடம் பிசகு என்று கணக்கிட்டு, அந்த வேளையில் எடுத்த எல்லாப் படங்களையும் அதே அளவு நகர்த்துங்கள். லைட்ரூமிலும் டிஜிகேமிலும் எக்ஸிஃப்டூலிலும் இதற்கு வசதி இருக்கிறது. பெயர் மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும், பின்னால் செய்தால் பெயரில் தவறான நேரமே நிற்கும்.

கேட்டலாக் எங்கே இருக்க வேண்டும்

லைட்ரூம் கிளாசிக்கோ டிஜிகேமோ, படங்கள் ஒரு பக்கம், அவற்றைப் பற்றிய தரவுத்தளமான கேட்டலாக் இன்னொரு பக்கம். படங்கள் எக்ஸ்டர்னலில் இருக்கட்டும், கேட்டலாக் கணினியின் உள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். வேகம் கிடைப்பதோடு கேபிள் கழன்றால் கேட்டலாக் கெடும் ஆபத்தும் குறையும். இரண்டு கணினிகளில் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் கேட்டலாக்கையும் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியிலேயே வைக்கலாம். லைட்ரூம் தானாக எடுக்கும் கேட்டலாக் பேக்கப்பில் படங்கள் கிடையாது. இதைத் தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

ஒரு நாள் லைட்ரூமைத் திறந்தால் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி நிற்கும். படம் எங்கும் போகவில்லை. விண்டோஸ் அன்று டிரைவுக்கு வேறு எழுத்து கொடுத்திருக்கும், அல்லது நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை நகர்த்தியிருப்பீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவை வலது கிளிக் செய்து எக்ஸ் போன்ற கடைசிப் பக்க எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் முதல் காரணம் ஒழியும். இரண்டாவதற்கு, கேள்விக்குறி உள்ள ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் வழியாக இடத்தைக் காட்டுங்கள். பதற்றத்தில் திரும்ப இம்போர்ட் செய்துவிட்டால் ஸ்டார், எடிட் எதுவும் இல்லாத இரண்டாவது பதிவு ஒன்று உருவாகிச் சிக்கல் பெரிதாகும். இனி ஃபோல்டரை நகர்த்துவதென்றால் லைட்ரூமுக்குள்ளேயே நகர்த்துங்கள்.

டிரைவைச் செருகாமலே பார்க்கவும் எடிட் செய்யவும் லைட்ரூமில் ஸ்மார்ட் பிரிவியூ உதவும். நீளப்பக்கம் 2560 பிக்சல் உள்ள சிறு பிரதிகள் அவை. டிஜிகேமில் கலெக்‌ஷனைச் சேர்க்கும்போது "கழற்றக்கூடிய ஊடகம்" என்ற பிரிவில் சேர்த்தால், டிரைவ் இல்லாத நேரத்தில் படங்கள் அழிந்துவிட்டதாக அது எண்ணிக்கொள்ளாது.

நீங்கள் இடும் ஸ்டார், கீவேர்டு, தலைப்பு எல்லாம் தரவுத்தளத்தில் மட்டும் இருந்தால் மென்பொருள் மாறும் நாளில் அவற்றை விட்டுப் பிரிய வேண்டும். எக்ஸ்எம்பிக்குத் தானாக எழுதும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். ஜேபெக்கில் அது ஃபைலுக்குள்ளேயே பதியும், ரா படங்களுக்குப் பக்கத்தில் தனி ஃபைலாக நிற்கும். அடுத்து எந்த மென்பொருளுக்குப் போனாலும் ஸ்டாரும் கீவேர்டும் கூடவே வரும்.

ஆப்பிள் போட்டோஸ் லைப்ரரியை எக்ஸ்டர்னலுக்கு மாற்றுவதென்றால்: போட்டோஸை மூடுங்கள், பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் லைப்ரரியை டிரைவுக்கு இழுத்து நகலெடுங்கள், ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு போட்டோஸைத் திறந்து புதிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐகிளவுட் பயன்படுத்துகிறவர்கள் அமைப்புகளில் அதையே சிஸ்டம் போட்டோ லைப்ரரி ஆக்க வேண்டும். டிரைவ் எக்ஸ்ஃபேட்டாக இருக்கக் கூடாது, மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்குக் கொடுத்த டிரைவாகவும் இருக்கக் கூடாது. லைப்ரரி திறந்திருக்கும்போது டிரைவைப் பிடுங்கி அது கெட்டுவிட்டால், ஆப்ஷனையும் கமாண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு திறந்தால் பழுதுபார்க்கும் வசதி வரும். ஆனால் அந்த லைப்ரரிக்குள் படங்கள் அர்த்தமில்லாத நீண்ட பெயர்களில் கிடக்கும், முன்னே சொன்ன இரண்டு நிமிடச் சோதனையில் அது தேறாது. வருடத்துக்கு ஒரு முறை ஒரிஜினல்களை எக்ஸ்எம்பியோடு எக்ஸ்போர்ட் செய்து ஆண்டு ஃபோல்டர்களில் போட்டு வைப்பது பெரிய பாதுகாப்பு.

இரட்டைப் படங்களைக் களைவது

பேக்கப் எடுத்த பிறகே இதில் கை வையுங்கள். டூப்குரு, ச்கவ்கா போன்ற இலவசக் கருவிகள் இரண்டு விதமாகத் தேடும். பைட் பைட்டாக ஒன்றாக இருப்பவற்றைத் தேடினால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நீக்கலாம். தோற்றத்தில் ஒத்தவற்றைத் தேடினால் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே காட்சியைத் தொடர்ந்து எடுத்த பத்துப் படங்களில் கண் திறந்திருக்கும் ஒன்றைத் தூக்கிவிட்டு கண் மூடியதை அது விட்டுவைக்கக்கூடும். அளவில் பெரியதையும் எக்ஸிஃப் உள்ளதையும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். ராவும் ஜேபெக்கும் ஜோடியாக இருப்பது இரட்டைப் படம் ஆகாது.

நகல்கள்: எத்தனை, எங்கே, எப்படி

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறைதான் இன்றும் செல்லுபடி: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். நடைமுறையில் இப்படி: வேலை டிரைவ் ஒன்று. ஒவ்வொரு முறை படம் இறக்கியதும் செருகி ஒத்திசைத்துவிட்டுக் கழற்றி வைக்கும் இரண்டாம் டிரைவ். மூன்றாவது வேறொரு கட்டடத்திலோ கிளவுடிலோ. கிளவுட் என்றால் முதல் ஏற்றத்துக்குப் பொறுமை வேண்டும். நொடிக்கு 20 மெகாபிட் அப்லோட் வேகத்தில் 1 டிபி ஏற நாலரை நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும்.

இரண்டாம் டிரைவை எப்போதும் செருகியே வைத்திருந்தால் மின்னழுத்தம் எகிறினாலும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். கழற்றி வையுங்கள்.

ஒத்திசைக்கும் முறையில் "மிரர்" என்பதைப் புரிந்து பயன்படுத்த வேண்டும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிப்பதுதான் மிரர். நேற்று தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்திருந்தால் இன்று மிரர் ஓடியதும் நகலிலும் அது இருக்காது. ஃப்ரீஃபைல்சிங்க்கில் நீக்கிய ஃபைல்களைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தும் வெர்ஷனிங் வசதியைப் போட்டுவிடுங்கள், 90 நாளுக்கு முந்தியவற்றைப் பிறகு அழிக்கலாம். ஓட்டுவதற்கு முன் எத்தனை ஃபைல் அழியப்போகிறது என்ற எண்ணைப் பாருங்கள். புதிதாக 300 படம் சேர்த்த நாளில் 6,000 அழிக்கப்போவதாகக் காட்டினால் ஓட்டாதீர்கள், மூல டிரைவில் ஏதோ கோளாறு. மூலமும் நகலும் இடம் மாறித் தேர்வாகியிருந்தாலும் இதே எண்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆண்டு முடிந்து ஒரு ஃபோல்டர் இனி மாறாது என்றானதும் அதற்கு ஒரு செக்சம் பட்டியல் (ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும், கைரேகை போன்ற எண்களின் பட்டியல்) எடுத்து உள்ளேயே வைத்துவிடுங்கள். டெராகாப்பியில் எஸ்எச்ஏ-256 என்ற வகைப் பட்டியலைச் சேமிக்கலாம். இதன் பயன் பின்னால்தான் தெரியும். இரண்டு டிரைவிலும் ஒரே படம் வேறு வேறாக இருக்கிறது என்று ஒரு நாள் தெரியவந்தால், பட்டியல் இல்லாமல் எது சரி என்று சொல்ல வழியே இல்லை. பழுதானதை நல்லதன் மேல் எழுதிவிடும் விபத்து அங்கேதான் நடக்கும்.

வெளியிடத்தில் வைக்கும் டிரைவைப் பிட்லாக்கர், வெராகிரிப்ட் அல்லது மேக்கின் சொந்த என்கிரிப்ஷன் கொண்டு பூட்டுங்கள். மீட்பு விசையைக் காகிதத்தில் எழுதி, டிரைவ் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

டிரைவின் உடல்நலம்

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்மார்ட் எண்களை, அதாவது டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் எண்களை, பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் கவனிக்க வேண்டியவை 5, 197, 198. அந்தக் கருவியில் அவை 05, சி5, சி6 என்று தெரியும். மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (தட்டின் சிறு பதிவுப் பகுதிகள்), படிக்க முடியாமல் காத்திருப்பவை, திருத்த முடியாதவை என்பது அவற்றின் பொருள். பூஜ்யமாக இருந்தவை ஏறத் தொடங்கினால் அந்த டிரைவை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிரைவைக் குறை சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் இணைப்பில் கோளாறு.

டிக், டிக் என்று சீராகத் தட்டும் ஒலி வந்தால் அந்த நொடியே கழற்றுங்கள். "இன்னொரு முறை செருகிப் பார்ப்போம்" என்பதில் ஒவ்வொரு முறையும் தட்டில் கீறல் விழலாம். நகல் இல்லாத படங்கள் அதில் இருந்தால் தரவு மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும். ஒலி இல்லை, ஆனால் சில ஃபைல்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டிப் பழுதுபார்க்கும் அவசரம் வேண்டாம். அது சாகக் கிடக்கும் டிரைவில் எழுதத் தொடங்கும். டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு முழு டிரைவையும் வேறொன்றுக்குப் பிரதியெடுத்து, பிரதியின் மேல் வேலை செய்யுங்கள்.

தவறுதலாக அழித்துவிட்டால் அந்த டிரைவில் ஒரு ஃபைல்கூட எழுதாதீர்கள். போட்டோரெக் என்ற மீட்புக் கருவி படங்களை மீட்டுத் தரும், பெயர்கள் போய்விடும், எக்ஸிஃபைக் கொண்டு திரும்பப் பெயரிடலாம். எஸ்எஸ்டியில் டிரிம் (அழித்த ஃபைல்கள் இருந்த இடத்தைக் காலியாக்கும் வேலை) ஓடிவிட்டால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

நகல் டிரைவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது செருகி ஓட விடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மூன்றாம் பிரதியை மட்டும் வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு ஆண்டு ஃபோல்டரிலிருந்தும் ஐந்து படங்களையும் ஒரு வீடியோவையும் முழு அளவில் திறந்து கடைசி ஓரம்வரை பாருங்கள். பிறகு செக்சம் பட்டியலை ஓட்டுங்கள். தேறாத ஃபைல்களை மற்ற பிரதியிலிருந்து மாற்றி எழுதி, அந்தத் தேதியை டிரைவின் மேல் ஒட்டிய தாளில் குறித்து வையுங்கள்.